முன்பல் சந்து

பாப்பா,

கல்யாணத்துக்கு முன்னால் முன்பல் சந்தை மூடிக்கொள்ளப் போவதாகப் போனில் சொன்னாய். பல்லை அதிகம் ராவ மாட்டார்கள், நகம்போல மெல்லிய வெனீர்தான் ஒட்டுவார்கள் என்றாய். வலிக்காது என்றால் சரி. நான் தடுக்கவில்லை.

இங்கே ஆடிக் கிருத்திகைக் கூட்டம். மலையில் எங்கு பார்த்தாலும் மொட்டைத் தலை. உனக்கு அம்மை போட்டபோது வேண்டிக்கொண்டு உன் அம்மாவும் மொட்டை போட்டாள். சந்தனம் பூசிய அந்தத் தலையைப் பார்த்துவிட்டு, "நீ எங்கம்மா இல்ல, போ!" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாய்.

"பாருங்களேன், என்னையே யாருன்னு கேட்டுகினு இருக்குது" என்று அவள் சிரித்துவிட்டாள். பல் சந்து தெரிந்ததும் அவளிடம் தாவினாய். பிறகு உனக்குப் பல் விழுந்து முளைத்தபோது அதே சந்து வந்தது.

கூடத்தில் மாலை போட்டிருக்கும் படத்தில் அவள் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். "சந்து தெரியுதுங்க" என்று ஸ்டுடியோவில் அவளேதான் உதட்டை மூடிக்கொண்டாள். எல்லாப் படத்திலும் அப்படித்தான்.

டாக்டரிடம் போவதற்கு முன்னால் வீட்டுக்கு வா. வந்து ஒருமுறை சிரித்துவிட்டுப் போ.

உன் நைனா