மாடிப்படியில் நான் சொன்ன வீடு

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், என் முழங்கால் வலியும் அவள் கோபமும் வழக்கம்போல. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறோம். இங்கே ஒரு விசேஷம், நம் வீட்டுக்காரர் இருபத்தோரு வருடப் பழக்கத்தை மதித்துக் கோர்ட் மூலமாக எனக்கு ஒரு சம்மன் அனுப்பியிருக்கிறார். வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். காரணம் என்ன தெரியுமா, குடியிருப்பவரின் மகளுக்கு வெளிநாட்டில் மூன்று படுக்கையறை வீடு இருக்கிறது, அதில் ஓர் அறை பெற்றோருக்கென்றே பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது, ஆகவே இவர்களுக்கு இந்த வீடு தேவையில்லை. இவ்வளவு விவரமாக யார் சொன்னார்கள் என்று தேடி அலைய வேண்டாம். வீடு வாங்கிவிட்டதாகச் சொல்லி நீ சோபாவில் உட்கார்ந்து அனுப்பினாயே ஒரு போட்டோ, அதை அவரை மாடிப்படியில் நிறுத்திவைத்துக் காட்டியது நான்தான். பூட்டிய அறை மட்டும் என் சொந்தச் சரக்கு, வாய் சும்மா இருந்தால்தானே.

வக்கீல் வைக்க வசதியில்லை, நாங்களே கோர்ட்டுக்குப் போனோம். வக்கீல் இல்லாதவர்களுக்கு என்று அங்கே ஓர் உதவி மையம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கத்தான் இன்னொரு உதவி மையம் தேவை. ஜெராக்ஸ் மிஷினுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் வைத்திருக்கிறார்கள், வேண்டியவன் மோப்பம் பிடித்து வரட்டும் என்று. அங்கே இருந்த அம்மாள், உங்களுக்காக நான் பேச முடியாது சார், பதில் மனு எப்படி எழுதறதுன்னு மட்டும் சொல்றேன், தேதிக்குள்ள கொடுக்கலைன்னா அவர் சொன்னதையெல்லாம் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் என்றார். நான் விடுவேனா, வீட்டுக்காரரின் மாமியாரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது வரை பதினொரு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, ரொம்ப நல்லா இருக்கு, வீட்லயே பத்திரமா வச்சுக்கோங்க என்று திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்காரர் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒப்புக்கொள்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று எழுதினால் போதுமாம். அவர் மனுவின் மூன்றாவது பத்தியில் உன் வீடு வந்தது. ஆமாம்மா, பொண்ணு பெரிய வீடாத்தான் வாங்கியிருக்கா என்று அங்கேயும் நெஞ்சை நிமிர்த்தினேன், கேஸ் போனாலும் பெருமை போகக் கூடாதே. கடைக்காரரிடம்கூட வாய் திறக்காத உன் அம்மா அப்போதுதான் பேசினாள். அதெல்லாம் இல்லைம்மா, அது அவ வேலை பார்க்கிற வீடு, அவ இருக்கிறது நாலு பேரோட ஒரே ரூம்ல, போன்ல பேசறப்ப மேல் கட்டில்லேருந்து யாரோ கால் தொங்கும் என்றாள். சோபாவுக்குப் பின்னால் சுவரில் இருந்ததெல்லாம் வேறு யாரோ ஒருவர் குடும்பத்துப் படம் என்பதையும் அவள் எப்போதோ பார்த்துவிட்டாளாம். நான் உன் முகத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை. ஏன் சொல்லலை என்று கேட்டதற்கு, நீங்க சந்தோஷமா இருந்தீங்க என்றாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அந்த அம்மாள் பேனாவை என் பக்கம் தள்ளி, மறுக்கிறேன்னு எழுதுங்க சார், உங்க கேஸே இதுதான் என்றார்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் நான் மறுத்தால் மட்டும் போதாதாம், நீ எங்கே எப்படி இருக்கிறாய் என்று உன் கையால் எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். இதிலாவது சோபா கீபா போட்டு அலங்காரம் செய்யாதே, எத்தனை கட்டில் எத்தனை பேர் என்று உள்ளது உள்ளபடி எழுது. வீட்டுக்காரர் படிப்பாரே என்று கூச்சப்படாதே, அவர் முன்னால் பட வேண்டிய வெட்கம் மொத்தமும் என் பங்கு. இந்த வீடு போனால் எங்களுக்கு மட்டும் போவதில்லை, நீ ஒருநாள் வேலையை உதறிவிட்டு வந்து நின்றால் கதவைத் திறக்க நமக்கு வேறு வீடு கிடையாது.

ஒரு குறையும் இல்லாமல் நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவும் அதையே சொல்லச் சொன்னாள். பதினெட்டாம் தேதிக்குள் காகிதம் வந்துசேர வேண்டும், மறந்துவிடாதே. உனக்கு மேல் கட்டிலா கீழ்க் கட்டிலா என்பது கோர்ட்டுக்கு வேண்டாம், அதை எனக்குத் தனியாக எழுது.

இப்படிக்கு,
பெருமை பேசி மாட்டிக்கொண்ட உன் அப்பா