ஆப்பிள் பையோடு வந்த அதிகாரி

காஞ்சிபுரம்
14-7-1977

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

குழந்தைக்குச் சளி விட்டுவிட்டது. நன்றாகப் பால் குடிக்கிறான். நான்தான் நேற்றிலிருந்து கொதித்துப்போய் இருக்கிறேன்.

உங்கள் பெங்களூர் ஆய்வுக்கூடத்துப் பிரிவுத் தலைவர் நேற்றுக் காலை நம் வாசலில் வந்து இறங்கினார். கோயிலுக்கு வந்தாராம், அப்படியே குழந்தையைப் பார்க்க ஒரு பை ஆப்பிளோடு வந்தாராம். அப்பா தறியை விட்டு எழுந்துபோய் நாற்காலி போட்டார். காப்பி குடித்து முடித்ததும் அவர் கறுப்பாக ஒரு தகட்டை எடுத்தார். விமான இறக்கைக்காக, கார்பன் இழைகளைப் பிசினில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டி நீங்கள் எல்லாரும் செய்தது. அதன்மேல் உயரத்திலிருந்து எடைக்கல்லைப் போட்டுச் சோதித்தார்களாம். "ஒரு கீறல் இருக்கா பாருங்க" என்று அப்பா கையில் கொடுத்தார். இல்லைதான். நீங்கள் மட்டும் அதேபோல் அடிபட்ட இன்னொன்றை அறுத்துப் பார்த்து, உள்ளே அடுக்குகள் பிரிந்துவிட்டன, பலம் பாதிகூட இல்லை என்று சொல்லி, தகடு உறுதியானது என்ற அறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்தீர்களாம். போடாவிட்டால் வேலை நிலைக்காதாம்.

இவ்வளவு நடந்திருக்கிறது, உங்கள் கடிதத்தில் "வேலை கொஞ்சம் அதிகம்" என்று ஒரே வரி! நான் என்ன வேற்று மனுஷியா?

அப்பா பயந்துவிட்டார். "கைக்குழந்தை இருக்குது, கையெழுத்துப் போடச் சொல்லி எழுதும்மா" என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம். வெளியே வந்து கேட்டுவிட்டேன்: "தகடு கெட்டியா இருக்குதுன்னா, ஒரு கையெழுத்துக்கு ஆப்பிளைத் தூக்கிக்கினு இவ்ளோ தூரம் ஏன் சார் வந்தீங்க? ரிப்பேர் பண்றவன் கைதவறி ஸ்பேனரைப் போட்டுட்டா, அதுல ஏறுறவங்க கதி என்ன?"

"அதெல்லாம் யாரும்மா போடப்போறா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆப்பிளைப் பையோடு அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அப்பா இன்னும் என்னோடு பேசவில்லை.

போகிறபோது அவர் ஒன்று சொன்னார். மனைவிக்காகவும் பிள்ளைக்காகவும் திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவதாக நீங்கள் கடைசியில் ஒப்புக்கொண்டுவிட்டீர்களாம்; மறுபடி மனம் மாறாமல் இருக்க நாங்களும் ஒரு வார்த்தை எழுதவேண்டுமாம். எங்களைக் கேட்டது யார்? எங்கள் பேரைச் சொல்லி அதைச் செய்யாதீர்கள், அத்தான். பயமாக இருந்தால் பயம் என்று எனக்கு எழுதுங்கள். இருவருமாகப் பயப்படலாம். திங்களுக்கு முன் உங்கள் கைக்குக் கிடைக்கவேண்டும் என்றுதான் இதை எக்ஸ்பிரஸ் தபாலில் அனுப்புகிறேன்.

ஆவணியில் பிள்ளைக்குப் பேர் வைக்க நாள் பார்த்திருக்கிறது. வேலையோடு வந்தாலும் சரி, இல்லாமல் வந்தாலும் சரி, உங்களுக்கு நான் இலை போடுகிறேன். முகம் தெளிந்து வாருங்கள். ஏகாம்பரநாதர் உங்கள் பக்கம் நிற்கட்டும்.

உங்கள்
கலாவதி