என்ன சாப்பிடக் கொடுத்தீர்கள்?

தம்பிக்கு,

நலம் விசாரித்துவிட்டுத் தொடங்குவதுதான் முறை. இந்தத் தடவை அதை விட்டுவிடுகிறேன். போனில் கூப்பிட்டால் "குட்டிங்களுக்குப் பால் குடுத்துட்டிருக்கேன்க்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். உன் குட்டிகள் நாள் முழுக்கப் பால் குடிக்கின்றன போலிருக்கிறது. காகிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். கடைசி வரி வரைக்கும் படி.

நீ குட்டியாகக் கொடுத்த ஆபீசர் செத்து இன்றோடு பத்தொன்பது நாள். இரண்டு வருடம் ஒன்பது மாதம்தான் அவன் வயது. அன்று சாயங்காலம் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் புல்தரையில் உன் மருமகள் பந்து வீசினாள். மூன்றாவது தடவை பந்தைக் கவ்விக்கொண்டு திரும்பி ஓடி வந்தவன், பாதி வழியில் முன்கால் மடங்கி உட்கார்ந்தான். பிறகு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். நான் விளையாடுகிறான் என்று நினைத்து, "நாடகம் போடாம எழுந்திருடா" என்று அதட்டினேன். பக்கத்தில் போய்ப் பார்த்தபோது மூச்சு இல்லை. அவனிடம் நான் கடைசியாகச் சொன்னது அந்த அதட்டல்தான்.

உனக்குத்தான் முதலில் போன் செய்தேன். நாய் விஷயத்தில் உன்னைவிட்டால் எங்களுக்கு யாரைத் தெரியும்? குழந்தை அழுதுகொண்டு பக்கத்தில் நின்றாள், அதனால் ஸ்பீக்கரில் போட்டேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தான் என்று சொன்னேன். அப்புறம் கேட்டாய், "என்ன சாப்பிடக் குடுத்தீங்க?"

அந்த ஒரு கேள்வி இந்த வீட்டில் என்ன செய்தது என்று சொல்கிறேன், கேள். நான்காம் நாள் பள்ளியிலிருந்து வகுப்பு ஆசிரியை கூப்பிட்டார். உன் மருமகள் தன் சாப்பாட்டு டப்பாவை யாரையும் தொடவிடுவதில்லையாம். பக்கத்து இருக்கைப் பெண் ஒரு வாய் எடுக்கப் போனதற்கு டப்பாவைத் தட்டிக் கீழே கொட்டிவிட்டாளாம். வீட்டிலும் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறாள். அவள் அப்பா கேட்டார், நான் கேட்டேன், வாயைத் திறக்கவில்லை. மறுநாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளிருந்தே சொன்னாள். தோழியின் பிறந்தநாளுக்குக் கிடைத்த சாக்லேட்டில் நகத்தளவு, அவன் சாவதற்கு முந்தின நாள், ஆபீசருக்குக் கொடுத்தாளாம். நாய்க்கு அது விஷம் என்று பிறகுதான் எங்கோ படித்தாளாம். "நான்தாம்மா கொன்னுட்டேன்" என்றாள். பதினொரு வயதுப் பெண், தம்பி.

இனி உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன். எங்கள் நாய் டாக்டர் அவன் உடலைத் திறந்து பார்த்திருந்தார். சாக்லேட்டெல்லாம் இல்லை, முப்பத்தைந்து கிலோ டாபர்மேனை நகத்தளவு சாக்லேட் ஒன்றும் செய்யாது என்று அடித்துச் சொன்னார். இதயம் பெருத்து, சுவர் மெலிந்து, தொளதொளவென்று கிடந்ததாம். இந்த இனத்தில் இது பரம்பரையாக வருவதாம். வெளியே ஒன்றும் தெரியாதாம், ஓடுமாம், குதிக்குமாம், ஒருநாள் துடிப்பு தாறுமாறாகி விழுமாம். "இதோட அப்பா எப்படி இருக்கு?" என்று கேட்டார். பாம்பு கடித்துச் செத்துவிட்டது என்றேன். நீ அப்படித்தானே சொன்னாய்?

ஆபீசரோடு பிறந்த பெண்குட்டியை வாங்கிய பல் டாக்டரம்மாவுக்கு அன்றே போன் செய்தேன். தடுப்பூசி விவரம் பகிர்ந்துகொள்ள நீயே கொடுத்த எண்தான். அவருடைய நாய் ஏழு மாதத்துக்கு முன்பே மாடிப்படியில் விழுந்து செத்திருக்கிறது. அவரும் உன்னைத்தான் முதலில் கூப்பிட்டிருக்கிறார். அவரிடமும் நீ கேட்டது, "என்ன சாப்பிடக் குடுத்தீங்க?" அந்த அம்மாள் எலி மருந்தாக இருக்கும் என்று நினைத்து, ஒன்பது வருடமாக வீட்டு வேலை செய்த பெண்ணை நிறுத்திவிட்டார். அப்பா நாய் எப்படிச் செத்தது என்று அவரைக் கேட்டேன். வெயில் தாங்காமல் செத்ததாம். எனக்குப் பாம்பு, அவருக்கு வெயில். ஒரே விபத்துக்கு இரண்டு அறிக்கை வந்தால் இரண்டுமே பொய் என்பது என் வேலையில் முதல் பாடம்.

நீ போனை வைப்பதற்குள் மடக்கிக் கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அந்த அப்பா நாய், உன் சாம்பியனும் ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்துதான் செத்திருக்கிறான். உன் டாக்டர் அப்போதே இதயம் என்று சொல்லியிருக்கிறார். "நாய் வளர்ப்புல இதெல்லாம் சகஜம்க்கா. எட்டு வாரத்துல எல்லாக் குட்டிக்கும் நெஞ்சுல ஸ்டெத்தஸ்கோப் வெச்சுக் கேட்டோம், சுத்தமா இருந்துச்சு" என்று சப்பைக்கட்டு கட்டினாய். எட்டு வாரத்தில் சுத்தமாகத்தான் இருக்கும். வளர்ந்த நாய்க்கு வருடம் ஒருமுறை நெஞ்சில் பட்டை கட்டி, ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவுசெய்தால்தான் தெரியும் என்று எங்கள் டாக்டர் சொல்கிறார். அது உனக்குத் தெரியாதா? தெரிந்துதான் நீ பதிவுசெய்யவில்லை.

பதினாறு வருடமாக லிஃப்ட் சோதித்துச் சான்று கொடுக்கிறேன். உள்ளே கண்ணாடி பளபளக்கும், பித்தளைக் கைப்பிடி மின்னும். மேலே ஏறி மோட்டார் அறையில் கம்பிவடத்தைத் தடவிப் பார்த்தால்தான் இழை அறுந்திருப்பது தெரியும். தெரிந்துவிட்டால் 'இயங்காது' பலகையை மாட்டிவிட்டுத்தான் கீழே இறங்குவேன். "இந்த வாரம் மட்டும் ஓடட்டும் மேடம்" என்று கட்டட மேலாளர்கள் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. அப்படிப்பட்டவள், நீ நீட்டிய ஆபீசரின் நான்கு தலைமுறை வம்சாவளித் தாளை வாங்கிப் பார்த்தேன். பட்டம் வாங்கிய நாய்களின் பெயரெல்லாம் சிவப்பு எழுத்தில் இருந்தது. எது எந்த வயதில், எதனால் செத்தது என்று ஒரு வரி இல்லை. ஊரார் கொடுத்திருந்தால் கேட்டிருப்பேன். கூடப்பிறந்தவன் கொடுப்பதைச் சோதிப்பார்களா என்று மடித்து உள்ளே வைத்துவிட்டேன். அது என் தப்பு. அதற்காக உன்மேல் இருக்கும் கோபத்தில் ஒரு பங்கு என்மேலும் இருக்கிறது.

இப்போது அந்தச் சாம்பியனின் மகனுக்குப் பிறந்த ஏழு குட்டிகளை அடுத்த வாரம் ஏழு வீடுகளின் தலையில் கட்டப்போகிறாய். ஒவ்வொரு வீட்டிலும் யாராவது பந்து வீசுவார்கள். அந்த ஏழு பேரையும் கூப்பிட்டு, தாத்தா நாய் எப்படிச் செத்தது என்று சொல். சொன்ன பிறகும் வேண்டும் என்கிறவர்கள் வாங்கிக்கொள்ளட்டும், வருடா வருடம் பதிவுசெய்து பார்க்கட்டும். அந்த மகனை இனிமேல் எந்தப் பெட்டையோடும் சேர்க்காதே. பல் டாக்டரம்மாவிடமும் பேசு. அந்த வேலைக்காரப் பெண்ணைத் தேடிக் கூப்பிடவேண்டியது அவர் பாடு. ஆனால் நீ சொன்னால்தானே அவருக்குத் தேடத் தோன்றும்? நீ சொல்லவில்லையென்றால் நான் சொல்வேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியும்.

அதெல்லாம் ஊர் விவகாரம். என் வீட்டு விவகாரம் ஒன்று இருக்கிறது. குழந்தையிடம் நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், அவள் அப்பா சொன்னார், டாக்டரிடமே கூட்டிப்போய்ச் சொல்லவைத்தேன். எல்லாரும் தன்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்கிறோம் என்கிறாள். நாய் என்றால் அவளுக்கு மாமா வாக்குதான் வேதம். ஆனால் உன்னைக் கேட்கவும் மாட்டேன் என்கிறாள். "மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கம்மா, ஆசையாக் குடுத்தாரு, தெரிஞ்சா அழுவாரு" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். இந்தக் கடிதத்தில் அதை மீறிவிட்டேன். நீ உன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு கேள்வி கேட்டாய். அவள் உன்னைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டிருக்கிறாள்.

நாலரைக்குப் பள்ளியிலிருந்து வருவாள். இது கைக்குக் கிடைத்த அன்றே ஐந்து மணிக்குக் கூப்பிடு. ஸ்பீக்கரில் போடமாட்டேன், பக்கத்தில் நிற்கவும் மாட்டேன். அவள் தப்பு இல்லை என்று சொல். உங்களுக்கு எப்படித் தெரியும் மாமா என்று கேட்பாள். அதற்கும் பூசி மெழுகாமல் பதில் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்கவேண்டும் என்பதில் எனக்கு மாற்றம் எதுவும் இல்லை. சொல்லும்போது அழுகை வந்தால் அழு. அவள் தாங்கிக்கொள்வாள்.

உன் அக்கா