சிங்கக்கால் டேபிள் வேண்டாம்

என்னங்க,

குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். குரோம்பேட்டையில் அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

நாலு மணிக்கு பில்லியர்ட்ஸ் டேபிள் கடைக்காரர் கூடத்தை அளக்க வருவார். நேற்று கடையில் நீங்கள் அந்தச் செதுக்கிய சிங்கக்காலைத் தடவிக்கொண்டிருந்தபோது அந்த டேபிள் நடுவில் ஒரு பந்தை வைத்தேன். தானாக உருண்டு மூலைக்குப் போனது. பக்கத்திலிருந்த சாதாரணத் தேக்கு டேபிளில் வைத்த இடத்திலேயே நின்றது. அதில் ஒவ்வொரு காலுக்கு அடியிலும் இருக்கும் திருகாணியைத் திருகி உயரத்தைச் சரிசெய்யலாம். அதையே சொல்லிவிடுங்கள். கடைக்காரர் எதிரில் "உனக்கு இன்னா தெரியும்" என்று கேட்டீர்களே, இதுதான் தெரியும்.

சாமுண்டி

தாளில் இடம் இருப்பதால் இதையும் எழுதுகிறேன். திருகாணி நமக்குக் கட்டாயம் வேண்டும். கூடத்தைக் கழுவினால் தண்ணீர் வாசலுக்கு வராமல் பீரோ மூலைக்கே ஓடுகிறது. எட்டு வருஷமாகத் தெரியும். நீங்கள் கூடவே நின்று போடவைத்த மொசைக் தரை என்பதால் சொல்லவில்லை.