பதினேழாவது கேள்வி

ஜூலை 7, திங்கள்
காலையிலேயே வெயில். கம்பெனி பஸ் லேட். தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் இறங்கியதும் ஓட்டம்.
சைபர் செக்யூரிட்டி படிப்பு, ஐந்தாவது வாரம். சாட்பாட்டிடம் பாடத்திட்டம் கேட்டு வாங்கியது நான்தான். தினம் ஒரு மணி நேரம், மொத்தம் பன்னிரண்டு வாரம். மனைவி ஷீலா எட்டிப் பார்த்து, "எனக்கும் ஒண்ணு போட்டுத் தரச் சொல்லுபா" என்றாள். கேட்டுக் கொடுத்தேன்.
இன்றைய நிலவரம்: நான் இரண்டாம் வாரப் பாடம். அவள் எட்டாம் வாரம்.
வாங்க வேண்டியது: தோசை மாவு, பல்பு.

ஜூலை 9, புதன்
மூன்றாம் வாரம் முடித்ததாகச் சாட்பாட்டிடம் பொய். பாராட்டிவிட்டுப் பத்துக் கேள்வி கேட்டது. மூன்று சரி. இரண்டாம் வாரத்தையே திரும்பப் பார்க்கலாமாம். மரியாதையாகத்தான் சொல்கிறது. அதுதான் எரிச்சல்.
ஷீலா வெங்காயம் நறுக்கியபடியே அதனிடம் சந்தேகம் கேட்கிறாள். சிரிக்கிறாள். என்னோடு பேசி அப்படிச் சிரித்து எத்தனை நாள்?

ஜூலை 10, வியாழன்
மானம் போயிற்று. 'போனஸ் பட்டியல்' என்று மெயிலில் ஒரு லிங்க். தட்டினேன். யார் ஏமாறுகிறார்கள் என்று பார்க்கக் கம்பெனியே அனுப்பிய போலி மெயில். எங்கள் உற்பத்தி லைனில் மாட்டியவன் நான் ஒருவன்தான். ஷீலா, அதே கம்பெனியின் ஸ்டோர்ஸ் ஆபீசில் டைப் செய்கிறவள். தட்டாமல், கம்ப்யூட்டர் பாதுகாப்பைப் பார்க்கும் சிஸ்டம் பிரிவுக்குத் தகவல் சொன்ன முதல் ஆள் அவளாம்.
கேன்டீனில் என் லைன் முருகையன்: "இன்னாபா, ஊட்லயே டீச்சர வச்சிக்கினு நீ போய் மாட்டிக்கினியே!"
எல்லோரும் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

ஜூலை 11, வெள்ளி
சிஸ்டம் பிரிவில் ஓர் இடம் காலி. திங்கட்கிழமை ஷீலாவுக்கு இன்டர்வியூ. அடுப்பை அணைத்துவிட்டு வந்து சொன்னாள். "ம்" என்றேன். டிப்ளமோ படித்தவன் நான். அவள் பிளஸ் டூ. பொறாமையா? பொறாமைதான்.

ஜூலை 13, ஞாயிறு
சர்ச். மீன் குழம்பு. பிறகு, "கேள்வி கேளுபா, பயமா கீது" என்றாள். சாட்பாட் தந்த பட்டியலைப் படித்தேன். டக் டக்கென்று பதில். பதினேழாவது: ஹாஷ் செய்த, அதாவது அடையாளம் தெரியாத எழுத்துகளாக மாற்றிய, பாஸ்வேர்டைத் திருப்பிப் பழையபடி ஆக்க முடியுமா?
"முடியாது."
சரியான பதில். என் கண்ணெதிரே இருந்தது.
"தப்பு. முடியும்" என்றேன்.
முகம் சுருங்கிவிட்டது. "அப்டியா? நான்தான் மாத்திப் படிச்சிக்கினேன் போல." நோட்டில் அடித்துத் திருத்தினாள். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 14, திங்கள்
தூறல். பஸ்ஸில் சொல்லிவிட நினைத்தேன். பக்கத்து சீட்டில் கண்ணை மூடி மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். சொல்லவில்லை.
சாயங்காலம். வேலை அவளுக்குத்தான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் பேசினாள்.
"அந்த ஹாஷ் கேள்வி வந்துச்சி. முடியும்னு சொன்னேன். யார் சொன்னதுன்னு கேட்டாங்கோ. ஊட்டுக்காரர்னு சொன்னேன். சிரிச்சாங்கோ. மத்தது எல்லாம் சரின்னு எடுத்துக்கினாங்கோ."
தட்டு வைத்தாள்.
"தெரிஞ்சேவா சொன்ன?"
"தெரிஞ்சேதான்."
குழம்பு ஊற்றினாள். தனக்குத் தட்டு எடுக்கவில்லை.
"அடுத்த வாரத்திலேர்ந்து எனக்கு ஜெனரல் ஷிப்ட்" என்றாள். "வேற பஸ்ஸு."