தலைகீழாகக் கிடந்த சேறு

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நலம். மாடிப்படி ஏறும்போதுதான் முழங்கால் உயிரை வாங்குகிறது. உன் பையனுக்கு இருமல் நின்றதா?

உன் வீட்டுக்காரருக்கு விருது என்று கேள்விப்பட்டேன். விழாவில் நான் நாலு நல்ல வார்த்தை பேச வேண்டும், “பழசையெல்லாம் மறந்துடுக்கா” என்று எழுதியிருக்கிறாய். எதையடி மறப்பது? ஏரி நடுவில், கொட்டும் மழையில், அடிச்சேற்றைக் குழாய் குழாயாகத் துளைத்து எடுத்தவள் நான். அறுவை சிகிச்சைக்கு நான் படுத்திருந்தபோது, “கவலப்படாதீங்கக்கா, நான் பாத்துக்கறேன்” என்று அந்தக் குழாய்களை வைத்திருந்த குளிரறையின் சாவியை வாங்கிப் போனார். பார்த்துக்கொண்ட லட்சணம்தான் ஊருக்கே தெரியுமே! அந்தச் சேற்றை வைத்துத் தன் பெயரில் எழுதிய கட்டுரையில், நன்றி வரியில்கூட நான் இல்லை. இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஒவ்வொரு குழாயிலும் மேல்பக்கம் எது என்று அம்பு போடுவோம். ஒன்றில் மழை அதை அழித்துவிட்டது. அவராக ஊகித்தார், தப்பாக. வெள்ளம் கொண்டுவரும் மணல் முதலில் படியும், மெல்லிய சேறு அதன்மேல் படியும். அவர் குறித்தபடி நிறுத்தினால், அந்தக் குழாயில் மணல் மேலே நிற்கிறது. கண்ணால் பார்த்தாலே போதும். மகராசன் பார்த்தால்தானே! இயந்திரத்தில் போட்டார், எண்களை வாங்கினார். அடியில் கிடப்பது பழசு, மேலே இருப்பது புதுசு; குழாய் தலைகீழானால் காலமும் தலைகீழ்தான். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் காற்றில் கரியமிலவாயு ஏறிப் பூமி சூடான காலத்தை, அது குறைந்து பூமி குளிர்ந்த காலம் என்று எழுதிவிட்டார். அந்தக் குளிருக்குத்தான் இந்த விருது.

கட்டுரை வந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. ஏறட்டும், இன்னும் மேலே ஏறட்டும் என்று காத்திருந்தேன். அல்பத்தனம் என்பாய், சொல்லிக்கொள்.

குழாயைப் பிளந்து ஒரு பாதியைத் தொடாமல் வைப்பது எங்கள் வழக்கம். அந்தப் பாதி இங்கே, என் குளிரறையில்தான் இருக்கிறது. அதன் படத்தோடு என் கட்டுரை விழாவன்று காலை வெளிவருகிறது. அந்த நாளையும் நான்தான் கேட்டு வாங்கினேன். மேடையில் நிச்சயம் பேசுவேன், அந்தப் படத்தைத் திரையில் போட்டு. அவரிடம் சொல்வதானால் சொல். இனி யாராலும் நிறுத்த முடியாது.

உன்னை நினைக்கும்போதுதான் எழுதிய வரியை அடித்து அடித்து எழுதுகிறேன். அவமானம் அவருக்கென்று நான் எழுதினாலும், பாதி உன் தலையில் விழும் என்று எனக்குத் தெரியாதா? மாடி அறையைச் சுத்தம் செய்து இரண்டு கட்டில் போட்டிருக்கிறேன். நீயும் பிள்ளையும் கேட்காமலே வரலாம். நீ நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். அன்றைக்கு முன்வரிசையில் உட்காராதே.

என்றும் உன்,
அக்கா