உள்ளூர்ப் பாதுகாவலர்

1982 ஜூன் 3, வியாழன்

வெயில். கத்திரி முடிந்தும் குறைந்தபாடில்லை. வடகம் காயப் போட்டேன். பாதி காக்கைக்கு.

அமலிக்கு ப்ளஸ் டூ மார்க் ஷீட் வந்துவிட்டது. கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதல். தெருவுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டு எல்லோரும் ஒரே பேச்சு. "அத்தை மாதிரியே வரும் பாரு."

அத்தை மாதிரியாம். பெற்றது நான். பரீட்சை மாதம் முழுக்க இருட்டோடு எழுந்து காப்பி போட்டது நான். இந்த அத்தை, இவர் தங்கை பிலோமினா, எனக்கு நாத்தனார் ஆவதற்கு முன்னால் ஒரே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். பின்னக் கணக்கு என்றால் அழுவாள். என் நோட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் பாஸ். கணக்கு யார் ரத்தத்திலிருந்து வந்தது என்று தெருவுக்கு யார் சொல்வது.

சாயங்காலம் அமலி: "மெட்ராஸ்ல அத்தை படிச்ச காலேஜுலயே சேர்றேம்மா. ஹாஸ்டல்ல இருந்துக்கறேன்." கேட்கவில்லை, தெரிவித்தாள். காஞ்சிபுரத்தில் சேர்ந்தால் தினம் வீட்டுக்கு வந்துவிடலாமே என்றேன்.

"பஸ்ஸுலயே பாதி நாள் பூடும்மா."

மண்ணெண்ணெய் தீர்ந்தது. நாளை வாங்க வேண்டும்.

ஜூன் 5, சனி

பிலோ வந்தாள். காலேஜ் பாரம், பிஸ்கட் டின், அமலிக்கு இளம்பச்சைப் புடவை. இன்டர்வியூவுக்குத் தாவணி கூடாதாம். நான் என் மாம்பழக் கலர் வாயில் புடவையை மனசில் வைத்திருந்தேன்.

பஸ் நிற்குமுன்பே அமலி ஓடிப்போய் அத்தை பையை வாங்கிக்கொண்டாள். நான் மெட்ராஸ் போய்த் திரும்பும்போது என் பையை யார் வாங்கினார்கள்? யோசித்துப் பார்த்தேன், ஒரு தடவையும் நினைவில்லை.

இரண்டு பேரும் கூடத்தில் தலையோடு தலை முட்டி பாரம் பார்க்கிறார்கள். நடுநடுவே இங்கிலீஷ். நான் அடுப்படியில் மீன் குழம்பு. "மெயின்", "ஆன்சிலரி" என்று காதில் விழுகிறது. எட்டிப் பார்த்து ஏதாவது கேட்டால் அமலி, "அது ஒண்ணும் இல்லம்மா" என்கிறாள். ஒன்றும் இல்லாததற்கு இவ்வளவு சிரிப்பு எதற்கு.

சாப்பிடும்போது பிலோ விளக்கினாள். ஹாஸ்டலுக்கு லோக்கல் கார்டியன் வேண்டும். மெட்ராஸிலேயே இருப்பவராக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வெளியே கூட்டிப்போவது, காய்ச்சல் வந்தால் கையெழுத்துப் போடுவது, எல்லாம் அவர்தான். "என் பேரைப் போட்டுடுங்க அண்ணி. அது இல்லாட்டி எடம் தரமாட்டாங்க."

ஆள் முன்னால் அண்ணி. கிணற்றடியில் கை கழுவும்போதுதான் பழைய தெரேஸு.

அங்கே வைத்துக் கேட்டேன். "அவ கார்டியன்னா நீ. அப்ப நான் யாரு?"

"நீ அம்மாடி தெரேஸு. ஆனா நீ மெட்ராஸ்ல இல்லியே."

கார்டியன். சின்ன வயசில் படுக்கும்போது காவல் சம்மனசுக்கு, அந்தத் தேவதூதருக்கு, செபம் சொல்வோம், அதுதான் நினைவு வந்தது. பிலோவுக்கு இரண்டு இறக்கை வாங்கி மாட்டிவிட்டால் சரியாகிவிடும். நைலக்ஸ் புடவைக்குப் பொருத்தமாக இருக்கும்.

போகும்போது குழம்பை டிபன் கேரியரில் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அவளிடம் எரிச்சலே இதுதான், நல்லவளாக இருக்கிறாள். கெட்டவளாக இருந்தால் என் பாடு சுலபம்.

ஜூன் 6, ஞாயிறு

பூசை. வீட்டுக்கு வந்து இட்லி. பிறகு பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னேன். அமலிக்கு ஆகும். துரு. தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தேன்.

பிலோ ஹாஸ்டலுக்கு எடுத்துப் போன பெட்டி. அப்போது அடுக்கிக் கொடுத்ததும் நான்தான். எனக்குக் கல்யாணமாகி வந்த அதே மாதம் அவளுக்குக் காலேஜ். ஜாக்கெட், பாவாடை, சோப்பு டப்பா, செபமாலை. புதுப்பெண் நன்றாக மடிக்கிறாளே என்று மாமியார் மெச்சினார். எஸ்.எஸ்.எல்.சி.யில் என் மார்க்தான் அதிகம். அப்பா கொடுமைக்காரர் ஒன்றும் இல்லை. நல்ல இடம் வந்தது, முடித்தார். நானும் தலையாட்டினேன். பூட்டைப் பூட்டிச் சாவியை பிலோ கையில் கொடுத்தது மட்டும் கையிலேயே நிற்கிறது.

இன்று துடைத்துக்கொண்டே இருக்கும்போது பளிச்சென்று தெரிந்தது. எனக்கு பிலோ மேல் மட்டும் இல்லை. அமலி மேலும்தான். பெற்ற பெண் மேல் பொறாமை. எழுதிவிட்டேன். இந்த டைரி மில் முதலாளி இவருக்குக் கொடுத்தது. இவர் அதில் ஒரு நாளும் எழுதியதில்லை, படிக்கவும் மாட்டார்.

ஜூன் 12, சனி

நாளை எங்கள் ஊர்ப் பாதுகாவலர் அந்தோனியார் திருநாள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. மில்லில் இன்ஜினை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு நாள் முழுக்கக் கோயிலில். தேருக்கு சீரியல் விளக்கு, மணிக்குப் புதுக்கயிறு, நூறு வேலை.

செய்தவை: பொங்கல் பானை கழுவியது. அமலிக்கு ஜாக்கெட் தைத்து முடித்தது. கொத்தமல்லி வறுத்தது. பாரம்.

பாரம் பற்றி. இங்கிலீஷ் பக்கங்களை அமலி எழுதிவிட்டாள். ஹாஸ்டல் தாள் மட்டும் தமிழில், பெற்றோர் எழுத வேண்டியது. "அப்பா, கடைசிப் பக்கம் உங்களுது" என்று வைத்துவிட்டுத் தேர் ஜோடிக்க ஓடிவிட்டாள். இவர் மதியம் ஒரு வாய் சோற்றுக்கு வந்தவர், நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பிறகு நான் எடுத்துப் பார்த்தேன்.

உள்ளூர்ப் பாதுகாவலர் பெயர்: புனித அந்தோனியார்.
முகவரி: கோயில் தெரு.
மாணவிக்கு என்ன உறவு: பரிந்து பேசுபவர்.

தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும். பாவம், உள்ளூர் என்றும் போட்டு பாதுகாவலர் என்றும் போட்டால் எங்கள் ஊரில் வேறு யாரை எழுதுவார்கள்.

அடித்துவிட்டு பிலோ பேரை எழுதப் பேனாவை எடுத்தேன். பி எழுத வேண்டும். எழுதினால் ஒவ்வொரு ஞாயிறும் அமலி அவளுடையவள். ஹோட்டல், பீச், கடைத்தெரு. மூடியைப் போட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். தாளை மடித்து உறைக்குள்.

ஜூன் 13, ஞாயிறு

திருநாள். கூட்டம். தேர் திரும்பும்போது தூறல், சீரியல் விளக்கு பாதி அணைந்தது. பிரசங்கத்தில் சாமியார், "நம் ஊர்ப் பாதுகாவலர்" என்று சொல்லும் போதெல்லாம் எனக்கு இருமல். இவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அமலி தேருக்குப் பின்னால் மெழுகுவர்த்தியோடு, கண்ணை மூடிக்கொண்டு. என்ன வேண்டியிருப்பாள் என்று தெரியும். நான் எதுவும் வேண்டவில்லை.

ஜூன் 14, திங்கள்

ஸ்ரீபெரும்புதூர் போய் பாரத்தை ரிஜிஸ்டர் தபாலில் நானே போட்டேன். எழுத்தர் உறையை வாங்கும்போது இன்னும் ஒரு தடவை திருத்த நேரம் இருந்தது. மண்ணெண்ணெய், உப்பு, அமலிக்கு ரப்பர் செருப்பு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 21, திங்கள்

இன்டர்வியூ கார்டு வந்தது. வியாழக்கிழமை. அமலி என்னைத் தூக்கிச் சுற்றினாள், இடுப்பு பிடித்துக்கொண்டது.

"பிலோவுக்கு ஒரு கடுதாசி போட்ருவோம், அதுவும் லீவு போட்டு வரட்டும்" என்றார் இவர். அவளுக்கு எதற்குத் தொந்தரவு, நாங்களே போய் வருகிறோம் என்றேன். "அதுவும் சரிதான்" என்றார். எதற்கும் அதுவும் சரிதான்.

ஜூன் 24, வியாழன்

எல்லோரும் தூங்கின பிறகு சிம்னி விளக்கில் எழுதுகிறேன். எழுத்து கோணல்.

முதல் பஸ். செம்பரம்பாக்கம் ஏரி வற்றி மாடு மேய்கிறது. அமலிக்கு அத்தை புடவை, நான் தைத்த ஜாக்கெட்.

காலேஜ் உள்ளே இன்றுதான் முதல் முறை. பெரிய வேப்பமரங்கள், நீள வராந்தா. பெண்கள் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்குகிறார்கள், படியைப் பார்க்காமலேயே. ஒவ்வொருத்தியையும் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. கண்ணையும் எடுக்க முடியவில்லை.

கணக்கு மேடம் அமலியைக் கேள்வி கேட்டு உடனே சரி என்றார். அடுத்தது ஹாஸ்டல். வார்டன் சிஸ்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துத் தாளைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இந்த அந்தோனியார் எங்க இருக்கார்?"

அமலி எட்டிப் பார்த்தாள். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"அவர் எல்லா எடத்துலயும் இருப்பார், எனக்கும் தெரியும்" என்றார் சிஸ்டர். "ஞாயித்துக்கெழமை வந்து கையெழுத்து போட்டு இவளக் கூட்டிட்டுப் போவாரா?"

பிறகு சிரிப்பை விட்டுவிட்டார். இடம் குறைவு. காத்திருக்கிற பெண்கள் வெளியே வராந்தாவில். நாலு மணிக்குள் மெட்ராஸில் இருக்கிற ஒருவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்த பெண்ணுக்கு.

அமலி என்னைப் பார்த்தாள். சின்ன வயசில் காய்ச்சலில் பார்ப்பாளே, அம்மா ஏதாவது செய்துவிடுவாள் என்று, அதே பார்வை. ஒரு நிமிஷம், அப்படியே எழுந்து போய்விடலாம், காஞ்சிபுரம் இருக்கிறது, சாயங்காலமானால் பெண் வீட்டுக்கு வந்துவிடும் என்று நினைத்தேன். வெளியே ஏதோ ஒரு பெண் சத்தமாகச் சிரித்துக்கொண்டு ஓடினாள்.

"நாத்தனார் இருக்காங்க சிஸ்டர். டெலிபோன் ஆபீஸ்ல. கூப்பிட்டா வருவாங்க."

நம்பர் அமலிக்கு மனப்பாடம். சிஸ்டரே சுற்றிக் கொடுத்தார். பிலோ என் குரலைக் கேட்டதும் முதல் கேள்வி, "சாப்ட்டியாடி?"

ஆட்டோவில் வந்தாள், ஆபீஸ் புடவை, மூச்சிரைக்க. கையெழுத்துப் போட்டாள். அண்ணன் எழுத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிஸ்டரும் சேர்ந்துகொண்டார். "எங்க அண்ணன் கோயில் மணி அடிக்கறவர், சிஸ்டர். அவருக்கு அந்தோனியார விட்டா வேற ஆள் தெரியாது." அமலி அவள் முழங்கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

கேட்டுக்கு நடக்கும்போது அமலியைக் கொஞ்சம் முன்னால் விட்டு என்னிடம் மெதுவாக: "ஒரு புள்ளி விட்டாலே புடிப்ப. இத பாக்காமயா அனுப்பின?"

முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டேன். அவள் டீ வாங்கிக் கொடுத்தாள்.

பஸ்ஸில் அமலி என் தோளில் சாய்ந்துகொண்டு, "அத்தை மட்டும் ஆபீஸ்ல இல்லாம போயிருந்தா இன்னாம்மா ஆயிருக்கும்?" பூந்தமல்லி வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் இவர்: "மடத்துக் காலேஜாச்சே, கோயில பத்திதான் கேக்கறாங்கன்னு நெனச்சேன். இதுல தப்பு எங்க கீது?" அப்பாவும் பெண்ணும் சிரித்துச் சிரித்துப் புரையேறினார்கள். பழியெல்லாம் அவருக்கு. சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்.

ஜூலை 10, சனி

மழை, நல்ல மழை. கூடத்தில் இரண்டு இடத்தில் ஒழுகல்.

பெட்டி அடுக்கினேன். ஜாக்கெட், பாவாடை, தாவணி இரண்டு, புடவை மூன்று, மாம்பழக் கலர் வாயிலும் வைத்தேன். சோப்பு டப்பா. ஊறுகாய். செபமாலை. அமலி: "எவ்ளோ நல்லா மடிக்கறம்மா." தெரியும், போ என்றேன். குரல் கொஞ்சம் கடுமையாகிவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஜூலை 11, ஞாயிறு

காலை மணி அடித்துவிட்டு இவர் பஸ் ஏற்றிவிட்டார். அழுதார். அமலியும். எனக்கு வரவில்லை. பிலோ ஹாஸ்டல் வாசலில் நின்றிருந்தாள்.

அறை மாடியில். நாலு கட்டில், அமலிக்கு ஜன்னலோரம். சுவரில் அலமாரி, மேஜை, மேஜைக்கு ஒரு விளக்கு. தனியாக ஒரு விளக்கு. வேப்பமரக் கிளை கைக்கெட்டும் தூரம். மற்றப் பெண்கள் இன்னும் வரவில்லை. பெட்டியைத் திறந்து அலமாரியில் நானே அடுக்கினேன். பிலோ ஜன்னலில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப என் கட்டிலு எதிர் வரிசைல. ராத்திரி அழுவேன், தெரியுமாடி? கணக்கு வரலன்னா நீ இல்லியேன்னு அழுவேன்."

பொய்யா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

பிறகு அமலியைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் ரூமுக்கு விசிட்டர் கார்டு வாங்கப் போனாள். நான் மட்டும். மெத்தையை உதறி விரிப்பு போட்டேன். ஓரத்தில் உட்கார்ந்தேன். மேஜை விளக்கைப் போட்டேன், அணைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்துவிட்டேன். பகலில், ஊரார் கட்டிலில். தலைக்கு நேரே மின்விசிறி. கீழே பெண்கள் பேச்சு, யாரோ பாட்டு. கண்ணை மூடினால் பதினெட்டு வயசு.

கதவு திறந்த சத்தம். பிலோ மட்டும், அமலி இன்னும் கீழே. பார்த்துவிட்டாள். எழுந்திருக்கலாம் என்றால் உடம்பு கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றாள், அடியில் அவள் செருப்பு நிழல் தெரிந்தது.

பெற்றோர்கள் கிளம்பச் சொல்லி மணி. வராந்தாவில் வார்டன் சிஸ்டர் குரல் ஒவ்வொரு அறையாக. எங்கள் அறைக்கு வந்தது.

"உள்ள யாரு?"

"புதுப் பொண்ணு சிஸ்டர்" என்றாள் பிலோ. "ரெண்டு நிமிஷம் படுத்திருக்கட்டும்."

படுத்திருந்தேன்.